எட்டுக்கையனும் அண்ணன் காலும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். சொல்லட்டும். பகலெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வந்து, இரண்டு வருடம் மண்டையை உடைத்துச் செய்த இயந்திரத்தைத் 'தகர டப்பா' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்படிச் சொன்னது என் சொந்த அண்ணன். பெரிய வயலின்காரன்.

நான் அதற்கு வைத்த பெயர் எட்டுக்கையன். எட்டு இரும்புக் கை, ஐந்து டிரம், மூன்று மணி. மைக்கில் வயலினைக் கேட்டுக் கூடவே தாளம் போடும். அண்ணன் காலடியில் ஒரு பெடல் வைத்தேன். ஒரு மிதி மிதித்தால் எட்டுக்கையன் தனியாக வாசிக்கும், மறு மிதியில் நிறுத்தி அவனுக்கு வழிவிடும்.

"ஒரே ஒரு கச்சேரிதான்டி. சொதப்புச்சுன்னா அப்புறம் மேடைப் பக்கமே கொண்டுவரக் கூடாது" என்றான் அண்ணன். ஒத்திகை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். முறை வந்தால் மட்டும், செருப்புச் சேற்றை உதறுகிற மாதிரி பெடலில் ஒரு மிதி. மற்ற நேரத்தில் அந்தக் கால் அசையாது. காலால் தாளம் போடுகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "தாளம் மனசுல இருக்கணும், கால்ல இல்ல" என்பான்.

சாயங்காலம் நாலு மணிக் கச்சேரி. அரங்கம் நிறைந்துவிட்டது. நான் திரை ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அண்ணி பாடிய இரண்டு பாட்டும் நல்லபடியாகப் போயின. மூன்றாவது, பாட்டில்லாத வேக உருப்படி. நடுவில் அண்ணன் ஒத்திகையில் இல்லாத ஒரு தாளச் சுழற்சி போட்டான், அதை மாட்டிவிட வேண்டுமென்றே. எட்டுக்கையன் அதை அப்படியே மணியில் திருப்பி அடித்தது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த நிமிடமே, முறை வராமல் தனி வாசிப்பைத் தொடங்கியது. நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. போச்சுடா! அண்ணி என்னைப் பார்த்து முழித்தாள். என் விரல் மின்சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் கச்சேரி பிழைக்கும், எட்டுக்கையன் கதை அதோடு முடிந்தது.

லேப்டாப்பைப் பார்த்தேன். மிதி, மிதி, மிதி என்று பதிவாகிக்கொண்டே இருந்தது. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். அடப்பாவி! கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற என் அண்ணனின் வலது கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, பெடல் மேலேயே! இயந்திரம் நிற்கிற இடத்திலெல்லாம் இவன் பாய்ந்தான், இவன் விட்ட இடத்தில் அது பாய்ந்தது. சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். அம்மாடி, என்ன வாசிப்பு! முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன்.

ஒப்பனை அறையில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான். "யாருடி அதை நடுவுல நடுவுல நுழையச் சொன்னது?"

"நீதாண்ணா."

"நானா?"

"கீழ பாரு."

அவன் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, இருபது வருஷமா பாடுறேன். என் பாட்டுக்கு ஒரு நாளாவது ஆடிச்சா இந்தக் கால்?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. காலைக் கையால் பிடித்து நிறுத்தினான். விட்டதும் மறுபடி ஆடியது.

"அடுத்த கச்சேரிக்குள்ள அந்தப் பெடலை வேற எங்கயாவது மாத்தி வை" என்றான் என்னைப் பார்க்காமல். "இந்தக் கால் இனிமே என் பேச்சைக் கேக்காது."