உதடு மரத்த நாளில் எடுத்த இறகு

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. ஈக்காரி என்றால்தான் தெரியும். பட்டம் கொஞ்சம் பொல்லாததுதான், ஆனால் பொய்யில்லை. டிரவுட் மீன் பிடிப்பவர்களுக்காகத் தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் நூலால் சுற்றி, அசல் ஈயைப் போலவே கட்டித் தருவது அவள் தொழில். அசல் ஈயே வந்து உறவு கொண்டாடும், அப்படிக் கட்டுவாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் மானம் போகிற காரியம் ஒன்றைச் செய்து வைத்தாள். கடை வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, ஃபோனில் வந்த படத்தைப் பார்த்து இறகு வாங்கினாள். படத்தில் தகதகவென்று மின்னியது. கட்டி முடித்த ஈயும் அழகோ அழகு. தண்ணீரில் விழுந்த மறுநொடி மூழ்கிப்போயிற்று. மிதக்க வேண்டிய ஈ மிதக்காவிட்டால் அதை என்ன கொஞ்சுவதா! அதுவும் ஆற்றோர விடுதியின் மீன்பிடி வழிகாட்டி, எட்டு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீசிய ஈ.

மனிதர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. சீசனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூப்பிட்டு, "நாளன்னைக்கு சீசன் ஆரம்பிக்குதும்மா. ஆறு ஈ கட்டி எடுத்துட்டு வாங்க. மிதந்தா இந்த வருஷமும் உங்க கைதான். இல்லேன்னா ஃபேக்டரி ஈ வாங்கிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். அவள் கட்டுவதில் முக்கால்வாசி அவருக்குத்தான் போகிறது. அவர் கைவிட்டால், இரண்டு வருடத்துக்கு முன் தலைமுழுகிவிட்டு வந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கே திரும்பவும் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே இந்த முறை நேரில் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பது என்று முடிவு செய்தாள். அதற்குள் கடைவாய்ப் பல் ஒன்று ஊரைக் கூட்டியது. மறுநாள் காலையில் பல் டாக்டர் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். வண்டி ஓட்டக் கூடாது என்றதால், முடி வெட்டும் கடை வைத்திருக்கும் நாத்தனார் தன் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு நேரே இறகுக் கடைக்கு விட்டாள். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பவளும் அவள் ஒருத்திதான்.

கடை முழுக்க நாப்தலீன் நெடி. ஒரு பக்கம் அணில் வால்கள், முயல் தோல்கள், இன்னொரு பக்கம் இழுப்பறை இழுப்பறையாக, இறகோடு உரித்த சேவல் கழுத்துத் தோல்கள். ஈக்காரி ஒவ்வொரு தோலாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். பூச்சி முட்டையிட்டதை ஒதுக்கினாள். அடியில் பஞ்சு அதிகமாக இருந்ததையும் ஒதுக்கினாள், பஞ்சு தண்ணீரைக் குடிக்கும். கடைசிச் சோதனை உதட்டில். இறகை வளைத்து அதன் இழைகளைக் கீழுதட்டில் வைத்தால் சுருக்கென்று குத்த வேண்டும். குத்துகிற இழைதான் தண்ணீர்மேல் நிற்கும். விரலால் பார்க்கலாமே என்றால், நூலும் மெழுகும் பசையும் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் காய்த்துப்போய்ப் பல வருடமாகிறது.

வைத்துப் பார்த்தாள். குத்தவில்லை. அடுத்ததை எடுத்தாள். அதுவும் இல்லை. ஏழு தோல் பார்த்தாயிற்று, ஒன்றுகூடக் குத்தவில்லை. அவளுக்கு வந்ததே கோபம்!

"என்னங்க இது, கடை பூரா பஞ்சா வச்சிருக்கீங்க? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

கடைக்காரர் எழுந்தே விட்டார். "முப்பது வருஷமா கடை நடத்துறேன், இப்படி ஒரு பேச்சு கேட்டதில்ல! வேணாம்னா வச்சிட்டுப் போங்க."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணி! அவர் இறகு நல்லாத்தான் இருக்கும். உங்க உதடு எங்க இருக்கு? ஊசி போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகலையே!"

ஈக்காரி உதட்டைக் கிள்ளிப் பார்த்தாள். யாருடைய உதட்டையோ கிள்ளியது போல இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையாகத் தன் உதட்டைத் தருவதாகச் சொன்னார்.

"விக்கிறவர் உதட்டை நம்பி வாங்கவா?" என்றவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"செத்த சேவலை நான் வாயில வைக்கணுமா? எல்லாம் என் தலையெழுத்து!" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் லிப்ஸ்டிக்கைத் துடைத்தாள்.

கடைசியில் இரண்டு தோல்கள் மிஞ்சின. ஒன்று தேன் நிறம், கண்ணைப் பறித்தது. மற்றது சேற்றில் புரண்ட மாதிரி ஒரு பழுப்பு. நாத்தனார் முதலில் தேன் நிறத்தை வைத்துப் பார்த்தாள். "இது கொஞ்சுது." பிறகு பழுப்பு. "அம்மாடி! எங்க வீட்டுக்காரரோட மூணு நாள் தாடி மாதிரி குத்துது."

ஈக்காரியின் கண் தேன் நிறத்தை விட்டு நகரவில்லை. ஒருவேளை இவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளோ? கண்ணை மூடச் சொல்லி, கைமாற்றிக் கைமாற்றி நான்கு முறை வைத்தாள். நான்கு முறையும் பழுப்பு பட்டபோதுதான் நாத்தனார் குத்துகிறது என்றாள். தன் வயிற்றுப்பிழைப்பை இன்னொருத்தி உதட்டில் வைப்பதற்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போன மாதம் கண்ணை நம்பிப் பட்டது போதாதா? பழுப்பையே பொட்டலம் போட்டுத் தரச் சொன்னாள்.

இரவோடு இரவாக அவள் கட்டி முடித்த ஆறு ஈயையும் மறுநாள் காலை ஆற்றங்கரையில் வழிகாட்டி உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "போன தடவை பார்க்கவாவது நல்லா இருந்துச்சேம்மா" என்றார்.

வீசினார். ஈ பாறைக்கு மேல்பக்கம் விழுந்தது, நுரையில் சிக்கியது, காணாமல் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, அங்க பாருங்க!" நுரைக்கு இந்தப் பக்கம் ஈ நிமிர்ந்து நின்றபடி வந்துகொண்டிருந்தது. அது பாறையைத் தாண்டவும், அடியிலிருந்து ஒரு டிரவுட் எழும்பி அதைக் கவ்வவும் சரியாக இருந்தது.

வழிகாட்டி மீனை விடுவித்தார். நனைந்த ஈயை இரண்டு ஊது ஊதி மறுபடியும் வீசினார். மறுபடியும் மிதந்தது. மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தன் தொப்பியில் குத்திக்கொண்டார்.

"யாரும்மா இந்த இறகை எடுத்தது?"

"இவதான்" என்று நாத்தனாரைக் காட்டினாள் ஈக்காரி. சொல்லும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கத் துடைக்க வந்தது.

"சீசனுக்கு வேண்டிய மிச்ச ஈயெல்லாம் எப்போ தருவீங்க?" என்றார் அவர்.

"தருவாங்க சார்" என்றாள் நாத்தனார். "முதல்ல அழுது முடிக்கட்டும்."