கொசுறு மீன்

நிம்மதியின் விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம்; ஜிஎஸ்டி தனி. குடிக்கிற தண்ணீரையே கேனில் வாங்குகிற அருப்புக்கோட்டையில், என் வீட்டு முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி நிறையக் கடலை வைக்க ஆன செலவு அது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் சுபத்ரா வாய்திறந்து கேட்ட ஒரே பொருள். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளந்து பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். "நம்ம போர்லயே உப்பாத்தான வருது, இதுல காசு குடுத்து வேற உப்புப் போடுறீகளாக்கும்?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை.

மதுரைக் கடையில் அவள் ஆறு மீன்களைப் பொறுக்கினாள். கோமாளி மீன் ஒரு ஜோடி, நீலப் பொடி மீன் மூன்று, வால் பக்கம் தீப்பிடித்த மாதிரி சிவந்த ஒன்று. நான் பெயிண்டுக் கடைக்காரன். எங்கள் பரம்பரையில் எவனும் கொசுறு கேட்காமல் பையைத் தூக்கியதில்லை. பிணத்துக்கு மாலை வாங்கினாலும் ஒரு முழம் கூடக் கேட்போம். கடைக்கார அருண்பாண்டியன் அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டிவிட்டு, மூலைத் தொட்டியில் தனியாகக் கிடந்ததை வலையில் அள்ளிப் பைக்குள் விட்டான். விரல் நீளம். ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சு வரி.

"ராஸ் மீனு அண்ணாச்சி. கொஞ்சம் கோவக்காரப் பய. சும்மா வச்சுக்கோங்க."

சும்மா என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குக் காது கேட்காது. "அது ஏன் தனியாக் கெடந்துச்சு?" என்று கேட்ட சுபத்ராவைக் காரில் ஏற்றிவிட்டேன்.

அது முதலில் நீல மீன்களின் துடுப்பைக் கொத்தியது. பிறகு கண்ணை. கண்ணில்லாத ஒன்று இரண்டு நாள் கண்ணாடியில் முட்டி முட்டித் திரிந்ததைப் பார்த்துக்கொண்டே என் அப்பா தங்கசாமி இட்லி தின்றார். "கடைவீதியில ஒக்கார வேண்டிய பயடா! எவனையும் தலையெடுக்க விடமாட்டேங்கிறான் பாரு." விடிந்ததும் பார்த்தால், தானே கக்கிய கோழைப் பைக்குள், கல்லிடுக்கில், சுகமாகப் படுத்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீனைக் கண்டா அப்பாவைக் கண்டா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நீலமும் போயின. இரை எடுக்க விடாமல் விரட்டியதில் கோமாளி ஒன்று பட்டினியில் செத்தது. அருண்பாண்டியனுக்குப் போன் போட்டேன்.

"கொசுறைத் திருப்பி வாங்குற பழக்கம் உங்க கடையில உண்டா அண்ணாச்சி?" என்றான்.

சிவப்பு வால் மீன் துரத்தல் தாளாமல் வெளியே குதித்துவிட்டது. டிவிக்குப் பின்னால் ஊர்ந்த எறும்பு வரிசைதான் காட்டிக்கொடுத்தது. சுபத்ரா அதைக் காகிதத்தில் எடுத்தாள். மிச்சமிருந்த கோமாளி, கிழிந்த வாலோடு பம்புக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது.

"இது ஒண்ணாவது பொழைக்கணும். கல்லையெல்லாம் வெளிய எடுத்துட்டு அந்தச் சனியனைப் பிடிங்க."

"சும்மா வந்ததைத் தூக்கிப் போடுறவன் வியாபாரியாடா?" என்றார் அப்பா.

தூக்கிப் போடவில்லை. பாளையம்பட்டியில் பைப் கடை வைத்திருக்கும் ராமசுப்பு, மகளுக்காகப் புதுசாகத் தொட்டி போட்டிருந்தார். இலவசம் என்றதும் வாளியோடு வந்துவிட்டார்.

"சண்டை கிண்டை போடாதுல்ல? எம் மக ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்கா."

"தங்கமான பய அண்ணாச்சி."

சுபத்ரா என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன். கல்லைத் தூக்கித் தூக்கி இருவருமாகப் பிடித்து வாளியில் விட்டோம்.

ராமசுப்பு வாசல்வரை போய்த் திரும்பினார். "கூட எதாச்சும் குடுங்கப்பா." மீன்தீனி ஒரு டப்பா கொடுத்தேன்.

கடையிலிருந்து கொண்டுவந்த டர்பண்டைனில் கையைக் கழுவினேன். விரலில் கோழை வாடை போகவில்லை.

"அவுக தொட்டியில எத்தனை கெடக்காம்?" என்றாள் சுபத்ரா.

"ஒம்போதுன்னாரு."

ஈரக் கையோடு நோட்டை விரித்தாள். தொட்டியில் கோமாளி இன்னும் பம்பைவிட்டு வெளியே வரவில்லை. அவள் எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தேன். வாங்கியது ஆறு, கொசுறு ஒன்று. செத்தது ஐந்து, கொடுத்தது ஒன்று, இருப்பு ஒன்று. கணக்கு நேராகத்தான் இருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: பாளையம்பட்டி, ஒன்பது. அதற்கு எதிர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.