டிரம்ஸ் மட்டும்

அவள் ஸ்பீக்கர் வயரை லேப்டாப்பில் செருகிக்கொண்டிருந்தபோது ஒல்லி உள்ளே வந்தான். அந்தக் காலத்துப் பட்டப்பெயர் அது. இப்போது ஆளுக்கு முன்னால் தொப்பை வந்தது. கூடவே நாலு பேர், ஒரு போட்டோக்காரர். கூடத்தில் கிடத்தியிருந்த அவள் கணவனின் காலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதையும் படம் எடுத்தார்கள்.

"அண்ணி, வண்டி வர்றதுக்குள்ள நம்ம பாட்ட ஒரு தடவ போடலாமா? இங்க பதிஞ்சோமே, அது. அவனுக்கு ரொம்பப் புடிச்சது."

"அதுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன். உக்காருங்க."

ஒரு காலத்தில் அவனை 'வாடா' என்று கூப்பிட்டுச் சோறு போட்டவள்தான் அவள்.

நம்ம பாட்டாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டு இந்த வீட்டுப் படுக்கையறையில் பிறந்தது. இருந்தது ஒரே மைக். அதையும் துடைப்பக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெரிய டிரம்முக்குள் தலையணை, சுவரில் சாய்த்த மெத்தை, ஜன்னலுக்குப் போர்வை. சத்தம் மைக்கில் ஏறும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க வாசித்தார்கள். ஒரே மைக்கில் டிரம்ஸையும் கிடாரையும் சேர்த்துப் பதிந்தால் கூழாகிவிடும். அதனால் முதலில் அவள் கணவன் டிரம்ஸை மட்டும் வாசித்தான். அடுத்த வாரம் ஒல்லி வந்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே கிடாரை வாசித்தான். இரண்டு முறையும் பொத்தானை அமுக்கியது அவள்.

பிறகு ஒல்லி பாட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். டிரம்ஸுக்கு வேறொரு ஆள். அவள் கணவன் பெயர் எங்கேயும் வரவில்லை. நடுவில் வரும் கிடார் மெட்டுதான் ஊரையே ஆட்டிவைத்தது. "டிரம்ஸ கேட்டுட்டே இருந்தேன், மெட்டு தானா கைல வந்து உக்காந்துச்சு" என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னான். அதைக் கேட்டு அவள் கணவன் சிரித்ததோடு சரி. டிரம்ஸை விற்றுவிட்டு பார்சல் வண்டி ஓட்டப் போனான். நேற்று அந்த வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் மன்னித்திருக்கலாம். அவள் மன்னிப்பதாக இல்லை.

லேப்டாப் திரையில் டிரம்ஸுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று என இரண்டு வரிசைகள் இருந்தன. கிடார் வரிசையை அணைத்தாள். அவனை இல்லாமல் ஆக்கினாய் அல்லவா, இப்போது நீ இல்லாமல் கேள். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

டிரம்ஸ் தொடங்கியது. ஒல்லி கண்ணை மூடித் தலை குனிந்து நின்றான். கிடார் வரவேண்டிய இடம் வந்தது, கிடார் வரவில்லை. கண்ணைத் திறந்தான்.

"அண்ணி, கிடார் கேக்கலியே..."

"தெரியும்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பாட்டின் நடுவே அடி மெதுவானபோது அதன் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ வாய்க்குள்ளேயே பாடுவது போல.

"அம்மா, அப்பா குரல்மா," என்றாள் மகள்.

அவனேதான். இடம் தவறாமல் இருக்கத் தனக்குத்தானே பாடிக்கொண்டு வாசித்திருக்கிறான். ஊரை ஆட்டிவைத்த அதே மெட்டு, ஒரு நெளிவுகூடக் குறையவில்லை. ஒல்லி அதற்குக் கிடாரை எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே. இத்தனை வருடமும் மேலே கிடார் ஓடியதில் யார் காதிலும் விழவில்லை. கட்டியவளிடம்கூடச் சொல்லவில்லையே, பாவி மனுஷன்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு ஒல்லியைப் பார்த்தார்.

"நிப்பாட்டுங்க அண்ணி," என்றான் ஒல்லி. "எல்லாரும் இருக்காங்க."

அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசி அடி விழுந்து, சிம்பல் அதிர்ந்து ஓய்ந்தது. முக்காலி கிறீச்சிட்டது. அப்புறம் ஸ்பீக்கரில் மூச்சு வாங்கியபடி அவள் கணவன் அவளிடம் கேட்டான்.

"சரியா வந்துச்சா? இல்லேன்னா சொல்லு, இன்னொரு தடவ வாசிக்கறேன்."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஒல்லி எழுந்திருக்கப் போனான்.

"உக்காருங்க," என்றாள் அவள். பாட்டை முதலுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள்.