ஓர்வில் கையில் கத்தரி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. மினசோட்டாவில் நான் நெடுநாளாகக் குடியிருக்கும் சிற்றூரில், தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், நின்ற இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் பெட்டியை இயக்கச் சொல்லித்தந்தார்கள். பயிற்சிக்கு வந்தது ஆண் பொம்மை. மேலே சட்டை கிடையாது. “பாவம், இவருக்குக் குளிராதா?” என்றார் இரும்புக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது என்னை அரித்தது.

அந்தக் கடைக்காரருக்கு ஓர்வில் என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: “இந்தப் பெட்டி பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்களில் உடற்பயிற்சிக் கூடங்களில் இருந்தாக வேண்டும், சிலவற்றில் பள்ளிக்கூடங்களில், இன்னும் சிலவற்றில்—”

[கொட்டாவி வருகிறது. அடித்துவிடு.]

ஒன்றை மட்டும் அடிக்க மனமில்லை. நல்லெண்ணத்தோடு உதவப் போனவரை ஏதோ ஒரு வகையில் எல்லா மாநிலச் சட்டமும் காக்கிறது. ஓர்வில்லுக்கு இது தலைகீழ்ப் பாடம். பெட்டி வாங்கலாமா என்று சபை கூடியபோது, “நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?” என்று இழுத்தவரிடம், “போட முடியாதுய்யா, சட்டத்துலயே இருக்கு” என்று சொல்லி வாயை அடைத்தவர் அவர்தான். பெட்டி காபிப் பாத்திரத்துக்கு மேலே சுவரில் ஏறியது.

3

இரண்டாம் தொடக்கம். ஞாயிறு வழிபாடு முடிந்து கீழே விருந்து. மார்லிஸ், பாடகர் குழுவில் ஓர்வில்லுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவர், கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போடுபவர், தட்டோடு சரிந்தார். மூச்சில்லை. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஓர்வில்லின் மனைவி லோரேன் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஓர்வில் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து திறந்தார். உள்ளே மின்னதிர்வைச் செலுத்தும் ஒட்டுப் பட்டைகளும் ஒரு கத்தரியும் இருந்தன.

“நெஞ்சை மறைக்கும் துணியை அகற்றவும்” என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பதிவுக் குரல், நிதானமாக.

ஓர்வில், மார்லிஸின் மேலாடையை மெல்ல—

[வேண்டாம்.]

ஓர்வில் பார்வையைத் திருப்பிக்கொண்டு, அந்த அம்மாளின் உடையைச் சற்றுத் தளர்த்தி—

[தளர்த்தினால் போதாது. பட்டை வெறும் தோலில் ஒட்ட வேண்டும்.*]

* எனக்கும் கூசுகிறது. நான் கௌரவமான வாக்கியம் தேடும் நேரமெல்லாம் மார்லிஸ் தரையில் கிடக்கிறார். ஓர்வில்லைக் கோழை என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

4

“ஓர்வில், என்ன மரம் மாதிரி நிக்கிறே? வெட்டு.”

“நீ வெட்டேன், லோரேன்.”

“நான் கையெடுத்தா யாரு அழுத்துறது?”

“எல்லாரும் பாக்குறாங்க.”

“திரும்பி நிக்கச் சொல்லு.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முழுவதும் காபிக் கோப்பையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. இந்த ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி. எனக்கு அவர்களைப் பிடிக்கும், அந்தக் கணத்தில் ஆத்திரமாகவும் இருந்தது.

“நெஞ்சை மறைக்கும் துணியை அகற்றவும்.”

“சட்டத்துலயே இருக்குன்னு அன்னைக்கு அவ்வளவு பேசினியே,” என்றார் லோரேன், மூச்சு வாங்க.

“கேஸுக்கா பயப்படறேன்? அடுத்த ஞாயித்துக்கிழமை மார்லிஸ் முகத்துல எப்படி முழிப்பேன்?”

“முழிக்கிறதுக்கு அவ இருக்கணும்ல.”

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மார்லிஸ் எழுந்து உட்கார்ந்து, “நல்ல சட்டையாச்சே” என்று கடிந்துகொள்கிறார். மற்றொன்றில் பாடகர் குழுவில் ஓர்வில்லுக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். முதலில் எழுத வேண்டிய வாக்கியத்தையே நான் இன்னும் எழுதவில்லை.

6

ஓர்வில் மார்லிஸின் சட்டையை வெட்டினார். உள்ளே இருந்ததையும் வெட்டினார்.

[உள்ளே இருந்தது என்ன? சொல்லேன்.]

பிராவையும் வெட்டினார். பட்டைகளை ஒட்டினார்.

“இதயத்தைச் சோதிக்கிறது. யாரும் தொட வேண்டாம்” என்றது பெட்டி.

லோரேன் கைகளை எடுத்துக்கொண்டார். நானும் காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். ஓர்வில் தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றி, மார்லிஸைப் போர்த்துவதற்காக விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். கழுத்துவரை போர்த்துவாரா, முகத்தையும் சேர்த்தா என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.