மின்னலின் கடைசி ஆட்டம்

மச்சான் உருவாக்கிய ஆட்டக்காரனைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

"என்னடா இது? ரிசீவரா, சிமெண்டு மூட்டையா?"

"நல்லாத் தள்ளுவான் மாமா. பேரு உருளை," என்றான் மச்சான். மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"பேரைப் பாரு, மூஞ்சியைப் பாரு!"

அமெரிக்கக் கால்பந்தை இணையத்தில் ஆடும் விளையாட்டு அது. ஆடுவது என்று சொல்வதே தப்பு. ஆளை உருவாக்குவதோடு நம் வேலை முடிந்தது. கிடைக்கிற பயிற்சிப் புள்ளிகளை வேகத்தில் போடலாம், பிடியில் போடலாம், தெம்பில் போடலாம். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரே ஆட்டத்தை நடத்தி, நடந்ததை வரிவரியாக எழுதித் தள்ளும். அதில் ரிசீவர் என்பவன் ஓரத்திலிருந்து கிளம்பி, எதிராளிக்குப் போக்குக் காட்டி ஓடி, தன் அணிக்காரன் எறியும் பந்தைப் பிடிக்கிறவன்.

கடைக்காரரின் ரிசீவர் பெயர் மின்னல். வேகம், தாவல், பிடி மூன்றிலும் புள்ளிகளைக் கொட்டியிருந்தார். தெம்புக்கு ஒன்றுகூடக் கிடையாது. "தெம்பெல்லாம் மூட்டை தூக்குறவனுக்குடா," என்று உருளையைப் பார்த்தே சொன்னார்.

மனுஷன் வாய் அப்படி. எதிரே பளபளவென்று புதுக் கண்ணாடிக் கடை வந்ததிலிருந்து இவர் கடையில் ஈ ஓட்டுகிற நிலைமை. அங்கே போகிறவர்களெல்லாம் முட்டாள்கள் என்று விட்டுவிட்டார். மருமகனை ஒருநாள் "தண்டம்" என்றார். அன்றிலிருந்து மகள் போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். விளையாட்டிலும் அதே கதைதான். இவர்கள் அணியில் பந்தை எறிகிறவனை உருவாக்கியவர் ஒரு பல் டாக்டர். அவரை அணியின் அரட்டையில், எல்லார் முன்னாலும், "பல்லையாவது ஒழுங்காப் புடுங்குவீங்களா?" என்று கேட்டார். டாக்டர் விலகிப் போகாமல் கையைக் காலைப் பிடித்து நிறுத்தியவன் மச்சான். அணியைச் சேர்த்ததும் அவன்தான், யார் என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஆட்டத்திட்டம் எழுதிக் கொடுக்கிறதும் அவன்தான். அதற்காக ஒரு நல்ல வார்த்தை? மூச்!

மின்னலுக்கு வயதாகிவிட்டது. கோப்பைக்கான இறுதி ஆட்டத்தோடு விளையாட்டே அவனை ஓய்வுக்கு அனுப்பிவிடும். அதற்குள் இன்னும் கொஞ்சம் பந்து பிடித்தால், எல்லாக் காலத்துக்குமான சாதனைப் பலகையில் அவன் பெயர் முதலிடத்தில் ஏறும். கடைக்காரருக்கு வேறு நினைப்பே இல்லை. கோப்பை எக்கேடு கெட்டால் என்ன! மற்றவர்களுக்கோ, ஜெயித்தால் அது முதல் கோப்பை.

ஞாயிறு மதியம் மச்சான் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தான். இருவரும் திரையில் வரிகள் விழுவதைப் பார்த்தார்கள். பந்து மின்னலுக்கு. பிடித்தான். மறுபடி மின்னலுக்கு. உருளை இரண்டு பேரை மோதித் தள்ளி வழிவிட்டான், மின்னல் பிடித்தான்.

"பாத்தியாடா! ஆள் யாருன்னு இப்பவாவது உங்க டாக்டருக்குப் புரிஞ்சுதே."

பாதி ஆட்டம் தாண்டியதும் மின்னலுக்கு மூச்சு வாங்கியது. நழுவவிட்டான். மறுபடியும் அவனுக்கே எறிந்தார்கள். மறுபடியும் நழுவவிட்டான். முன்னிலை கைநழுவிப் போயிற்று. கடைசி எறி: தாண்டினால் வெற்றி என்ற எல்லைக்கோட்டின் அருகே உருளை ஆளில்லாமல் நிற்கிறான் என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் பந்து மின்னலுக்கே போயிற்று. பிடித்தான், கோட்டுக்கு முன்பே விழுந்தான், நேரம் முடிந்தது. கோப்பை போச்சு. சாதனை வந்துவிட்டது.

"அடிச்சான் பாரு!" கடைக்காரர் மேஜையைத் தட்டிய வேகத்தில் கண்ணாடிச் சட்டங்கள் குலுங்கின. "இவ்வளவு நாள் கழிச்சு எனக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்சுருக்கு உங்க ஆளுங்களுக்கு."

அரட்டையில் பல் டாக்டர் எழுதினார்: 'எல்லாப் பந்தும் அவருக்கேன்னு எழுதாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம். உங்க மாமாவுக்காகக் கோப்பையைத் தூக்கிக் குடுத்துட்டீங்க. நான் போறேன்.' கீழே வரிசையாக இன்னும் மூன்று பேர் விலகினார்கள்.

கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். "நீயா எழுதின?"

"ஆமா மாமா."

"உன் உருளை சும்மா நின்னானேடா. அவனுக்குப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே!"

"தெரியும் மாமா."

"அப்புறம் எதுக்குடா? நான் உன்கிட்ட கேட்டேனா?"

"கேக்கலைதான்." மச்சான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மத்தவங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. உங்களுக்கு வேற என்ன மாமா இருக்கு?"

வேனில் ஏறுகிற குழந்தையிடம் 'படி பாத்து' என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். துளிக்கூடக் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் கடைக்காரர் பிழைத்திருப்பார். திருப்பிக் கொடுக்க அவரிடம் ஆயிரம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. தன் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

"அக்கா கேட்டா சந்தோஷப்படும். போன்ல சொல்லிடுறேன். வரேன் மாமா."

மச்சான் போய்விட்டான். திரையில் சாதனைப் பலகையைக் காட்டும் பொத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்த அவருக்குக் கை கூசியது.