ஆதிநாராயணன் கடையில் தீப்பிடித்த காரணம்

1

ஒரு ஏசி வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அதிலிருந்துதான் இந்தக் கதை.

போன சித்திரையில் என் அக்கா மகள் கல்பனா பெங்களூரிலிருந்து தடாவில் இருக்கும் தன் பெற்றோருக்கு ஒரு ஏசி வாங்கி அனுப்பினாள். அக்கா பெட்டியை வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை. கல்பனா எனக்குப் போன் செய்தாள்.

"சீனு மாமா, அம்மாவுக்கு இன்னா பைத்தியமா? வெயில்ல வெந்துக்கினு கீறாங்க. நைனாவே ஒரு காலத்துல ஏசி மெக்கானிக்குதான?"

அதுதான் சிக்கல் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பதியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆதிநாராயணன் ஜவுளிக்கடையின் ஷட்டர் இடுக்கிலிருந்து கரும்புகை வருவதை

செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. நிறுத்தினேன்.

இரண்டாவது:

நாடு தன் கதவுகளைத் திறந்த அந்த வருடங்களில் ஆதிநாராயணன் தன் கடைக் கதவுகளை அடைத்தார்.

உண்மைதான். ஏசி வைத்தால் கதவை அடைக்க வேண்டும். ஆனால் எழுதியவன் தன்னைத்தானே மெச்சிக்கொள்வது தெரிகிறது. இதையும் விட்டேன்.

மூன்றாவது, குளிர். ஜவுளிக்கடையில் அதற்கு முன் குளிர் இருந்ததில்லை. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள், தலையில் சந்தனம் காயும் முன்பே, குடும்பத்தோடு உள்ளே வருவார்கள். ஏசிக்கு நேராக நிற்பார்கள். காற்று மொட்டையில் பட்டதும் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். சும்மா நின்றுவிட்டுப் போகக் கூச்சப்பட்டு ஒரு துண்டு வாங்குவார்கள். அதனால் ஆதிநாராயணன் துண்டுக் கட்டுகளை ஏசிக்குப் பக்கத்திலேயே அடுக்கச் சொன்னார்.

"ஏமய்யா ஜெயச்சந்திரா," என்பார் மெக்கானிக்கைப் பார்த்து. "ஏசி கேட்டா ஊட்டியே கட்டிக் குடுத்துட்ட."

கல்லூரி விடுமுறையில் நானும் போய் நின்றிருக்கிறேன். புதுத்துணி வாசனையும் குளிரும் சேர்ந்து வரும். பிறகு எத்தனையோ குளிர்ந்த அறைகளில் வேலை பார்த்துவிட்டேன். அந்தக் குளிர் வேறு.

(கடைசி இரண்டு வாக்கியங்களை அடிக்கலாம். அடிக்க மனமில்லை.)

3

ஜெயச்சந்திரன் சத்தியவேடு பக்கத்து ஆள். சென்னையில் ஏசி வேலை கற்றவர். திருப்பதி லாட்ஜுகள் ஒவ்வொன்றாக 'ஏசி ரூம்' என்று போர்டு மாட்டிய காலத்தில் இங்கே வந்தார். ஆதிநாராயணன் கடைக்கும் அவர்தான் பொருத்தினார். சேலைப் பிரிவில் நின்றிருந்தவள் என் அக்கா சுலோசனா. எங்கள் ஊர் நகரிப் பக்கம்.

பொருத்தி முடித்த பிறகும் ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறதா பார்க்க அவர் வந்துகொண்டிருந்தார்.

"இன்னாங்க, வாரா வாரம் கேஸ் பாக்கறீங்க? ஏசியா, ஓட்ட பலூனா?"

"ஏசி நல்லாத்தான் கீது. எனக்குத்தான் இந்தப் பக்கம் வராட்டி மூச்சு நிக்குது."

(இதை நான் கேட்கவில்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மாமா சொன்னபடி அக்கா சிரித்தாள். அக்கா சொன்னபடி அவள் முறைத்தாள்.)

அடுத்த தை மாதம் கல்யாணம். அவர் எனக்கு மாமா ஆனார். அக்கா அதே கடையில் வேலையைத் தொடர்ந்தாள்.

4

தீ.

மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்குவார்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் மறுபடி குளிர நேரமாகும் என்பது ஆதிநாராயணன் கட்டளை. அன்றும் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். உள்ளே ஆள் இல்லை. யாருக்கும் காயமில்லை. கீழ்த்தளம் முழுவதும் போனது.

பக்கத்து லாட்ஜில் வேலையாக இருந்த மாமா ஓடி வந்தார். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து ஷட்டரைத் தூக்கியதும் முதலில் உள்ளே நுழைந்தவர் அவர்தான்.

எப்படிப் பிடித்தது என்று தீயணைப்பு அதிகாரி கேட்டார்.

"ஏசி லைன்தான் சார். ஒயரு சூடாயிடுச்சி. நான் போட்ட ஒயரு."

'மின்கசிவு காரணமாக' என்று செய்தித்தாள் எழுதும்போது அதில் யார் கையும் இருக்காது. தானாகக் கசிந்தது, தானாக எரிந்தது. மாமா அந்தச் சொல்லுக்குள் தன் கையை நுழைத்தார்.

ஆதிநாராயணன் சத்தம் போடவில்லை. ஆனால் ஊர் பேசியது. "அவன்கிட்ட ஏசி கேட்டா அடுப்பு மாட்டிக் குடுப்பான்" என்று லாட்ஜு மேனேஜர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இருவரும் தடாவுக்குப் போனார்கள். மாமா மோட்டாருக்குக் காயில் கட்டினார். பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு, ஏசி செய்யும் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மூடும் வேலை கிடைத்தது. உள்ளே இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நல்ல மெக்கானிக்கின் ஒரு பிழை. பழைய கால ஏசி, பழைய கால ஒயர். சரிபார்க்கத் தடா போனேன்.

5

மாமா கறி வாங்கப் போயிருந்தார். அக்காவிடம் கதையைச் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தினாள்.

"ஏசி இல்லடா."

"பின்ன?"

"வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவோம் இல்ல, அது என் வேல. முன்னல்லாம் கடையச் சுத்திக் காட்டிட்டு தூபக்கால பின்வாசல்ல வெச்சிடுவேன். ஏசி வந்ததும் பின்வாசல அடச்சிட்டாங்க. சுத்தவும் எனக்குக் கை நோவும். அதனால ஏசிக்கு எதுருல ஸ்டூல் போட்டு அதும்மேல வெச்சேன். காத்தே வாசனையத் தூக்கிக்கினு போச்சி. எல்லாரும் மெச்சினாங்க."

"அன்னிக்கும் வெச்சியா?"

"சாம்பல் பூத்துக்கினு இருந்துச்சிடா. அணஞ்சி போச்சின்னு நெனச்சி துன்னப் போயிட்டேன். ஏசி ஊதிக்கினே இருந்துச்சி. பக்கத்துல துண்டுக் கட்டு."

அவள் மறுபடி மாவைப் பிசைந்தாள்.

"அவுரு தன் ஒயருதான்னு இன்னும் நம்பிக்கினு கீறாரு. தொழிலே போச்சி. நான் வாயத் தெறக்கல. அந்த ஏசிய எப்பிடிடா என் ஊட்ல மாட்டுவேன்?"

"மாமாகிட்ட சொல்லிடேன்."

"வாயில வரல. நீ எழுது. எம் பேரு போட்டே எழுது. நான் சொன்ன மாதிரி ஆவும்."

(அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள் என்று எழுதினால், இத்தனை வருட மௌனத்துக்கு வாசகர் இன்னும் இரங்குவார். அவள் கர்ப்பமாக இல்லை. பயந்திருந்தாள், அவ்வளவுதான்.)

6

மாமா தன் டிவிஎஸ்ஸில் என்னை பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார். கதையின் முடிவு கொஞ்சம் மாறும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வண்டியை ஓரங்கட்டினார்.

"ஸ்டூல் விசயமா?"

நான் ஸ்டூல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"ஷட்டர் தூக்கினதும் நான்தான மொதல்ல போனேன். தூபக்கால் உருண்டு கெடந்துச்சி. சட்டையக் கழட்டி அதுல சுத்தி, வெளிய வந்து கடைக்குப் பின்னால கால்வாயில போட்டேன்."

"அக்காவுக்காகப் பொய் சொன்னீங்களா மாமா?"

"எது பொய்யி? ஏசில காத்து வர்ற தகடு கீதே, அத ஸ்டூல் பக்கமாத் திருப்பி வெச்சது யாரு? நானு. அவ கடையச் சுத்தாம இருக்கட்டும், வாசன நல்லாப் பரவட்டும்னு வெச்சேன். அத அவகிட்ட சொல்லல. காத்து தானா வருதுன்னு அவளுக்குச் சந்தோசம். நெருப்ப ஊதினது ஏசிதான மச்சான்? ஏசியத் திருப்பினது நான்தான?"

"உங்களுக்குத் தெரியும்னு அக்காவுக்குத் தெரியாது."

"எப்பிடிச் சொல்றது? சொன்னா, என்னாலதான் இவன் தொழிலு போச்சின்னு ஒக்காந்து அழுவா."

"இப்பவும் அப்படித்தான் நெனச்சிக்கினு கீறா மாமா. நீங்க சொல்லாமயே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ் வந்துவிட்டது.

"ஏசின்னே எழுதிடு மச்சான்," என்றார். "ஏசி வந்து சண்டைக்கா நிக்கப் போவுது?"

7

ஆக, கையில் மூன்று காரணங்கள்.

ஏசி. மாமா கேட்டது இதுதான். இதை எழுதினால் அக்கா இன்னொரு முறை வாய் மூடிக்கொள்ள வேண்டும்.

சாம்பிராணி. இது அக்கா கேட்டது. எழுதினால் அவள் சொல்லிவிட்டவளாவாள். மாமா தெரிந்தும் சொல்லாதவராகவே இருப்பார்.

ஷட்டரை இறக்கிவிட்டும் ஏசியை ஓடவிட்ட ஆதிநாராயணன். இது எல்லோருக்கும் வசதி. அவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஆனால் அவர் ஊதவும் இல்லை, தணல் வைக்கவும் இல்லை. மொட்டைத் தலைகள் சிரிக்க வேண்டும் என்று நினைத்த மனிதர். அவர்மேல் எழுத எனக்கு

வேண்டாம்.

நான் மூன்றையும் எழுதிவிட்டேன், நீங்கள் படித்தும்விட்டீர்கள். மிச்சமிருப்பது ஒரு தகவல். அக்கா தெலுங்குப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. நான் திருத்தணியில் தங்கித் தமிழ் படித்தேன். என் கதை வந்த பத்திரிகை தடாவுக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாதான் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. நிறுத்தி, குரல் மாற்றி, நன்றாக வாசிப்பார்.

ஐந்தாம் பகுதியை வாசித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அவள் சொல்ல நினைத்ததை அவள் எதிரிலேயே, அவர் குரலில். அதற்குப் பிறகு ஆறு இருக்கிறது. அவர் நினைத்தால் தொண்டை கட்டிவிட்டது என்று பத்திரிகையை மூடலாம். இத்தோடு முடிஞ்சிடுச்சி என்றால் அவள் நம்புவாள்.

அவர் என்ன செய்தார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

நீங்கள் அவருடைய நாற்காலியில் உட்காருங்கள். சுலோசனா எதிரில் உட்கார்ந்து, "அப்பறம்?" என்கிறாள். ஆறாம் பகுதியின் முதல் வரியில் இருக்கிறீர்கள். சத்தமாக வாசிக்க வேண்டும்.