ஒன்பதாம் படுக்கைக்கு வாயில் ஒன்றும் கூடாது

சாப்பாட்டம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் சொந்தம். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை, பயிற்சி டாக்டர்களுக்கு உணவும் ஊட்டச்சத்தும் பற்றி வகுப்பு. அவருடைய பதவியின் பெயர் கதவுப் பலகையில் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் 'சாப்பாட்டம்மா' என்று சுருக்கிவிட்டார்கள். பதினொரு வருஷமாகப் பாடம் நடத்துகிறார். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிறவரின் முகத்தையாவது பார்ப்பான். இதுகள் தூங்கும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரிய டாக்டர் புது மெஷின் பயிற்சிக்கு உங்க புதன்கிழமை நேரத்தைக் கேக்கறாரும்மா. நீங்க நடத்தற வகுப்பால ஒரே ஒரு பயிற்சி டாக்டராவது, ஒரே ஒரு நோயாளிக்கு, ஒரு காரியத்தை மாத்திச் செஞ்சதாக் காட்டுங்க. விட்டுடறேன். புதன் சாயங்காலம் முடிவு பண்ணணும்."

பெரிய டாக்டர் என்றால் அறுவைப் பிரிவின் தலைவர். கையில் கத்தியை எடுத்தால் கெட்டிக்காரர், வாயைத் திறந்தால் ஊரே நடுங்கும். அவரோடு மல்லுக்கட்டுவது லேசுப்பட்ட காரியமா? வீட்டில் சொன்னதற்குப் புருஷன், "பதினஞ்சு வருஷமா எனக்கே உன்னால சொல்லித்தர முடியலையே, டாக்டருங்க எங்க கேக்கப் போறாங்க?" என்று காபியில் மூன்றாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டான். சாப்பாட்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் போனால் அவர் வெறும் தட்டு எண்ணுகிற ஆள். வேறென்ன?

புதன்கிழமை பயிற்சி டாக்டர்கள் பன்னிரண்டு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே வந்தால், மேசைமேல் மூடி போட்ட பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேஸ் ஷீட்.

"இன்னிக்குப் பாடம் கிடையாது. உங்க நோயாளிக்கு உங்க கையால என்ன சாப்பாடு எழுதினீங்களோ, அதை நீங்க சாப்பிடணும். அவ்வளவுதான்."

கெட்டிக்காரக் கும்பல், சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தது. சிரிப்பு அதோடு சரி. ஒருவன் ஒரே நோயாளிக்குச் சர்க்கரைக்கு ஒரு கட்டுப்பாடு, சிறுநீரகத்துக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று என்று எழுதித் தள்ளியிருந்தான். நாலையும் கழித்த பிறகு அவன் தட்டில் மிஞ்சியது நாலு துண்டு வெந்த கோஸ். இன்னொருத்தி முந்தின நோயாளியின் ஷீட்டை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். முப்பத்திரண்டு பல்லும் முத்து மாதிரி இருக்கிற இளவட்டத்துக்கு ஒரு வாரமாக மிக்ஸியில் அரைத்த கூழ்! ஒரு வாய் வைத்தவள், "ஐயையோ, இதையா அவர் சாப்பிடறார்?" என்றாள்.

"ஏழு நாளா," என்றார் சாப்பாட்டம்மா.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். அறுவைப் பிரிவில் வேலை, கூட்டாளிகள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவள் தட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஷீட்டில், 'படுக்கை ஒன்பது. பித்தப்பைக் கல். வாயில் ஒன்றும் கூடாது' என்று இருந்தது.

"இது என் கையெழுத்து இல்ல மேடம். பெரிய டாக்டரோடது."

பேச்சு வாயில் இருக்கும்போதே பெரிய டாக்டர் வாசலில். மெஷினை எங்கே போடலாம் என்று அளவு பார்க்க வந்திருந்தார். "என்னம்மா இது, விருந்தா?" என்று கேட்டவர் விஷயம் தெரிந்ததும் இடிஇடியென்று சிரித்தார். "என் தட்டா? கொண்டாங்க! ஆபரேஷனுக்கு முன்னால பட்டினி போடறதுல என்ன தப்பு? அவருக்கு ஆபரேஷன் ஆகற வரைக்கும் நானும் பச்சைத்தண்ணி தொடமாட்டேன், போதுமா?"

வீம்பு பேசுவது சுலபம். பெரிய டாக்டர் தினமும் பன்னிரண்டரைக்கு நாலடுக்குக் கேரியரைத் திறக்கிறவர். ஒரு மணிக்கு நர்ஸிடம் எரிந்து விழுந்தார். இரண்டு மணிக்கு லிஃப்டோடு சண்டை போட்டார். மூன்று மணிக்குக் குரலே எழும்பவில்லை. அவர் கேரியரைத் தொடாமலிருக்க வாசலுக்கு ஒருவராகப் பயிற்சி டாக்டர்கள் காவல் நின்றார்கள். படிப்பில் காட்டாத அக்கறையை இதில் காட்டினார்கள், பாவிகள்.

மூன்றரைக்குத் தியேட்டரிலிருந்து ஆள் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு ஆபரேஷன் நடக்கிறது, ராத்திரிவரை இடம் காலியாகாது. பெரிய டாக்டர் வழக்கம்போல், "சரி, ஒன்பதை நாளைக்குத் தள்ளு," என்றார். சொன்ன மறுநொடி முகம் மலர்ந்தது. "அப்போ அவரும் சாப்பிடலாம், நானும் சாப்பிடலாம்! கேரியரைக் கொண்டா!"

தூங்குமூஞ்சி குறுக்கே வந்தாள். "சாப்பிடலாம் சார். ஆனா சமையலறையில மூணு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேர் எடுத்து முடிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் தள்ளினா ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு டம்ளர் பால்தான். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல மறுபடியும் ஒண்ணும் கூடாது."

"ரெண்டு துண்டா? ஒரு நாளைக்கு அது எப்படிப் பத்தும்?"

"இப்படித் தள்ளி இன்னிக்கு நாலாவது நாள் சார்."

"சலைன் ஏறுதே?"

"அது தண்ணியும் உப்பும் சார்," என்றார் பின்னாலேயே வந்திருந்த சாப்பாட்டம்மா. "சோறு இல்ல."

பெரிய டாக்டர் விடுவிடுவென்று ஒன்பதாம் படுக்கைக்குப் போனார். பஸ் ஓட்டுகிற மனுஷர், கன்னம் ஒட்டிக் கிடந்தார். டாக்டரைக் கண்டதும் எழ முயன்று, "ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல டாக்டர், சத்தியமா," என்றார். பெரிய டாக்டர் சமையலறைக்குப் போன் போட்டுக் கத்தினார். அங்கே மதியச் சமையல் முடிந்து அடுப்பணைத்து அரை மணி ஆகியிருந்தது. கோபத்தில், பின்னால் ஆள் கொண்டுவந்த தன் கேரியரையே பிடுங்கிப் படுக்கைமேல் வைத்து மூடியைத் திறந்தார். வறுத்த கறி, நெய் மிதக்கிற குழம்பு, பொரித்த முட்டை. வார்டே மணத்தது.

"சாப்பிடுய்யா! வயிறு முட்டச் சாப்பிடு!"

"வேண்டாம் சார்!" என்று வீறிட்டாள் தூங்குமூஞ்சி. பாய்ந்து கேரியரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பித்தப்பைக் கல்லு சார்! இவ்வளவு கொழுப்பு உள்ள போனா வலியில துடிச்சிடுவாரு. நாலு நாளாக் காஞ்ச வயிறு வேற. ஒரேயடியா வயிறு முட்டக் குடுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். போன மாசம் வகுப்புல சொன்னாங்க."

'அடிப்பாவி, தூங்கிக்கிட்டே கேட்டிருக்கியா!' என்று சாப்பாட்டம்மாவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

போனில் போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த முதல்வர் பார்த்த காட்சி இதுதான். அறுவைப் பிரிவின் தலைவருடைய மதியச் சாப்பாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பயிற்சி டாக்டர் தர மறுக்கிறாள். பெரிய டாக்டர் கையை நீட்டியபடி நிற்கிறார்.

"இங்க என்ன நடக்குது?"

ஒன்பதாம் படுக்கைதான் பேசியது. "ஐயா, சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. அதுல வெறும் சோறு இருந்தா அதையாவது குடுங்க."

பெரிய டாக்டர் நீட்டிய கையை இறக்கினார். "என் மெஷினுக்கு வேற நேரம் பாருங்க," என்றார் முதல்வரிடம். "புதன்கிழமை அந்தம்மாவுக்கே இருக்கட்டும்."

கேரியரின் அடித்தட்டில் வெறும் சோறும் வெந்த காயும் இருந்தன. தூங்குமூஞ்சி சாப்பாட்டம்மாவைப் பார்த்தாள். சாப்பாட்டம்மா தலையாட்டியதும் நாலு கரண்டி அளந்து வைத்தாள். பஸ் ஓட்டுநர் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரண்டாவது வாயை விழுங்கிவிட்டு, "என்னை எல்லாரும் மறந்துட்டீங்கன்னு நினைச்சேன் டாக்டர்," என்றார்.

"சேச்சே, மறப்பமா?" என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர். அதற்குமேல் பொய் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறந்துதான்யா போயிட்டேன்."